வெப்பப் பூச்சு மின்னூட்டச் சோதனையில் தேறாவிட்டால்: அறிகுறி வாரியாகப் பிழை தேடுவது

விண்கலத்தின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பூச்சில் மின்னூட்டம் தேங்குகிறதா என்று, மின்தடையை அளந்தும் வெற்றிடச் சேம்பரில் எலக்ட்ரான் பீமைப் பாய்ச்சியும் பார்ப்பது நிலைமின்னூட்டச் சோதனை. அதில் தேறவில்லை என்று அறிக்கை வந்ததுமே, மறுபூச்சுக்கு ஆர்டர் போடத் தோன்றும். அவசரம் வேண்டாம். பல சமயம் குற்றம் பூச்சின் மேல் இல்லை. கிரவுண்ட் இணைப்போ, சாம்பிளைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சரோ, அளந்த அன்றைய ஈரப்பதமோ காரணமாக இருக்கும். காற்றில் அழகாகத் தேறிய பூச்சு வெற்றிடத்தில் கவிழ்வதும் உண்டு. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணத்தைத் தின்னும் காரணம் கடைசியில் வரும்.

ஐ.டி.ஓ. எனப்படும் இண்டியம் டின் ஆக்சைடு பூசிய காப்டன் (பாலிஇமைடு பிளாஸ்டிக் படலம்), சூரிய ஒளியைத் திருப்பிவிடும் ஓ.எஸ்.ஆர். கண்ணாடி ஓடுகள், ஜெர்மானியம் பூசிய கருப்புக் காப்டன், இசட்-93 வகை வெள்ளைப் பெயின்ட், ஏரோகிளேஸ் இசட்307 போன்ற மின்கடத்தும் கருப்புப் பெயின்ட் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது இது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

சேம்பருக்குள் சாம்பிளின் பக்கத்தில் எப்போதும் இரண்டு சாட்சித் துண்டுகள் இருக்கட்டும். ஒன்று, கிரவுண்ட் செய்த வெறும் அலுமினியத் தகடு. மற்றது, முகத்தில் எதுவும் பூசாத 125 மைக்ரான் எஃப்.இ.பி. டெஃப்லான், அதன் அடியில் கிரவுண்ட் செய்த உலோகம். 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பீமில் தகடு பூச்சியத்திலேயே நிற்க வேண்டும். டெஃப்லான் எதிர்மறையாகப் பல கிலோவோல்ட் ஏற வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் கோளாறு சோதனை அமைப்பில்தான். அதைச் சரிசெய்யாமல் சாம்பிளைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

எல்லைகளுக்கு, விண்கல மின்னூட்டம் பற்றிய நாசாவின் 4002ஏ கையேடு தரும் இரண்டு விதிகள் போதும்.

உலோகத்தின் மேல் நேரடியாகப் பூசிய பெயின்ட்டுக்கு, பருமத் தடைமையையும் தடிமனையும் பெருக்கினால் 2×10⁹ ஓம்-சதுர செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தடிமனை அளக்க மெனக்கெட வேண்டாம். பெயின்ட்டின் மேல் 10 சதுர செ.மீ. மின்முனையை வைத்து, அதற்கும் அடி உலோகத்துக்கும் இடையே அளந்தால் 2×10⁸ ஓமுக்குள் வர வேண்டும், அவ்வளவுதான்.

காப்புப் பொருளின் மேல் பூசி, விளிம்பில் மட்டும் கிரவுண்ட் செய்த பூச்சுக்குக் கணக்கு வேறு. பரப்புத் தடையை (பரப்பின் ஒரு சதுரத்துக்கு இத்தனை ஓம் என்று சொல்வது), கிரவுண்டிலிருந்து மிகத் தொலைவான புள்ளிக்குள்ள தூரத்தின் இருமடியால் பெருக்கினால் 4×10⁹ ஓம்-சதுர செ.மீ.யைத் தாண்டக்கூடாது. தூரம் 10 செ.மீ. என்றால் சதுரத்துக்கு 4×10⁷ ஓம் வரை அனுமதி. 50 செ.மீ. என்றால் 1.6×10⁶ ஓம்தான். சின்னக் கூப்பனில் (சோதனைத் துண்டில்) தேறிய பூச்சு பெரிய பேனலில் தேறாமல் போவதற்கு இந்த இருமடியே காரணம். கூப்பன் முடிவைப் பேனலுக்கு அப்படியே நகலெடுத்து எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். திட்ட ஆவணம் இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதன்படி நடங்கள்.

## அறிகுறி 1: மீட்டர் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறது

நேரம். வோல்ட் கொடுத்த எத்தனையாவது நொடியில் எண்ணைக் குறித்தீர்கள்? ஏ.எஸ்.டி.எம். டி257 முறையின் வழக்கம் 60 நொடி. ஒருவர் 10 நொடியிலும் இன்னொருவர் 2 நிமிடத்திலும் குறித்தால் எண்கள் ஒத்துப்போகாது.

மிச்ச மின்னூட்டம். முந்தைய அளவீட்டில் ஏறியது சாம்பிளில் நிற்கும். இரு மின்முனைகளையும் சில நிமிடம் குறுக்கிணைத்துவிட்டு அளங்கள். துருவத்தை மாற்றி அளந்து பார்த்தாலும் தெரிந்துவிடும். இரண்டும் பெரிதாக வேறுபட்டால் மிச்சம் இருக்கிறது.

தொடுகை. இரண்டேகால் கிலோ எடையுள்ள வளைய மின்முனையின் ரப்பர் முகத்தை ஐ.பி.ஏ.வால் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால்) துடையுங்கள். 30.5 மி.மீ. உள்வட்டும் 57 மி.மீ. உள்விட்டமுள்ள வெளிவளையமும் உள்ள அந்த மின்முனைக்கு, மீட்டர் காட்டும் ஓமைப் பத்தால் பெருக்கினால்தான் பரப்புத் தடை. பெருக்க மறந்த அறிக்கைகள் நிறைய உலவுகின்றன. 40 மி.மீ. ஓ.எஸ்.ஆர். ஓட்டில் இந்த வளையம் உட்காராது. அதற்கு இரண்டு பட்டை மின்முனைகள் வேண்டும். பட்டையின் நீளமும் இடைவெளியும் சமமாக இருந்தால் மீட்டர் காட்டுவதே சதுரத்துக்கான ஓம்.

கேபிள். 10⁹ ஓமுக்கு மேல் சாதாரணக் கேபிள் ஆகாது. கசிவைத் தடுக்க இரட்டை உறை போட்ட ட்ரையாக்சியல் கேபிள் போட்டு, அசையாமல் டேப் ஒட்டுங்கள். மின்முனையைச் சுத்தமான டெஃப்லான் பலகையில் வைத்து அளந்தால் வரும் எண், உங்கள் எல்லையைவிடப் பத்து மடங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது கேபிளின் கசிவை.

இத்தனைக்குப் பிறகும் எண் ஆடினால் மீட்டரை, அதாவது மிகச் சிறு மின்னோட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டரைக், காலிபரேஷனுக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 2: மின்கடத்தும் பூச்சு என்றார்கள், மீட்டர் திறந்த சுற்று காட்டுகிறது

முதலில், சரியான பக்கத்தைத்தான் அளக்கிறீர்களா? ஐ.டி.ஓ. ஒளி ஊடுருவும் பூச்சு. காப்டனின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ரோலிலிருந்து வெட்டும்போதே ஓரத்தில் அம்புக்குறி போட்டு வைப்பது நல்லது.

பக்கம் சரி என்றால் சிலிகோன் படலத்தைச் சந்தேகியுங்கள். பசை டேப்பின் காப்புத்தாளிலிருந்தோ பக்கத்தில் உலர்ந்த ஆர்.டி.வி. சிலிகோன் பசையிலிருந்தோ வந்து படிந்திருக்கும். தூசி உதிராத துணியில் ஐ.பி.ஏ. தொட்டு, ஒரே திசையில், அழுத்தாமல் ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி அளங்கள். தேய்க்கக்கூடாது. மல்டிமீட்டரின் கூர்முனையை ஐ.டி.ஓ. மேல் ஊன்றுவதும் கூடாது. அளக்கப் போய்க் கீறலைச் செய்துவிட்டு வருவீர்கள்.

அதன் பிறகு விரிசல். ஐ.டி.ஓ. பீங்கான் மாதிரி நொறுங்கும் தன்மை கொண்டது. காப்டன் மடியும்போது அது மடியாமல் உடையும். இதைப் பிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பட்டை மின்முனைகளை, மடிப்புக் கோடு இரண்டுக்கும் நடுவில் வரும்படி ஒருமுறை வைத்து அளங்கள். பிறகு 90 பாகை திருப்பி, மின்னோட்டம் மடிப்பின் போக்கிலேயே செல்லும்படி வைத்து அளங்கள். குறுக்கே போகும் அளவு மட்டும் பல மடங்கு எகிறினால் அது விரிசல்தான். மடிப்புக்கு இரு பக்கமும் தனித்தனியாகக் கிரவுண்ட் கொடுத்தால் துண்டைக் காப்பாற்றலாம். இரண்டு திசையிலும் சம அளவில் கெட்டிருந்தால் பூச்சு மெலிந்திருக்கிறது, அல்லது ஏறவே இல்லை. அப்போதுதான் பூச்சு போட்டவரைக் கூப்பிட வேண்டும். அதே சுற்றில் பூசிய சாட்சிக் கூப்பனையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: காற்றில் தேறியது, வெற்றிடத்தில் தேறவில்லை

ஆளை அதிகம் ஏமாற்றுவது இதுதான். காரணங்கள் மூன்று. மூன்றுமே பூச்சின் உண்மையான குணத்தை ஆய்வகச் சூழல் மறைத்து வைத்த கதை.

நீர். இசட்-93 போன்ற பெயின்ட்டுகளில் துத்தநாக ஆக்சைடு நிறமி பொட்டாசியம் சிலிகேட் பிணைப்பானில் இருக்கிறது. நுண்துளைகள் நிறைந்த பரப்பு அது, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அளந்த மின்தடை, பூச்சினுடையது பாதி, தண்ணீருடையது பாதி. வெற்றிடத்தில் நீர் வெளியேறியதும் தடை பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏறலாம். சரிபார்க்க, சாம்பிளை 12 சதவீத ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வைத்து அளங்கள். வளைய மின்முனை முறையின் வழக்கமான பதப்படுத்தலும் அதுவே. பிறகு வெற்றிடத்தில் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, உள்ளேயே வைத்து அளங்கள். மணிக்கு ஒருமுறை குறித்து வரைபடம் போட்டால் கோடு ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் படுக்கும். படுத்த பிறகு வருவதே அறிக்கைக்குரிய எண். ஏறும் வழியில் எடுத்த எண்ணால் பயன் இல்லை.

வெளிச்சம். துத்தநாக ஆக்சைடு ஒளி பட்டால் கூடுதலாகக் கடத்தும், விளக்கை அணைத்த பிறகும் அந்தக் குணம் சட்டென்று போகாது. மேசை விளக்கடியில் கிடந்த சாம்பிளை உடனே அளந்தால் நல்ல எண் வரும். சுற்றுப்பாதையில் நிலைமை வேறு. ஏ.டி.எஸ்.-5 செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போனபோதுதான் கிலோவோல்ட் கணக்கில் மின்னூட்டம் ஏறியது. ஆகவே சேம்பரின் ஜன்னலை மூடி, சாம்பிளை இருட்டில் வைத்திருந்து அளப்பதே நியாயமான சோதனை. வெற்றிடத்தை அளக்கும் ஹாட் ஃபிலமென்ட் அயனி கேஜின் வெளிச்சமும் கணக்கில் உண்டு.

குளிர். பல பூச்சுகளின் பரப்புத் தடை வெப்பநிலையோடு அடுக்குக்குறி வேகத்தில் மாறும். ஜெர்மானியம் குறைகடத்தி, குளிரக் குளிர அதன் தடை ஏறும். அறை வெப்பநிலையில் எல்லைக்குள் வசதியாக இருந்த துண்டு, தகுதிச் சோதனையின் குளிர் முனையில் வெளியே போய்விடும். அந்தக் குளிர் முனையிலும், அறை வெப்பநிலையிலும், நடுவே ஓரிடத்திலும் அளந்தால் சரிவு தெரிந்துவிடும்.

மூன்றையும் சரிசெய்து அளந்த பிறகும் எல்லை தாண்டினால் பூச்சு அந்த இடத்துக்குப் பொருந்தாது. கூடுதல் கிரவுண்ட் புள்ளிகளால் தூரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். தூரம் பாதியானால் அனுமதி நான்கு மடங்கு. அதுவும் போதாவிட்டால் மின்கடத்தும் வகைப் பெயின்ட்டுக்கு மாற வேண்டும். ஆனால் சூரிய உட்கவர்வும் வெப்ப உமிழ்வும் அதனால் மாறும். வெப்பப் பிரிவின் ஒப்புதல் இல்லாமல் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

## அறிகுறி 4: பரப்புத் தடை நன்றாக இருக்கிறது, பீமில் கிலோவோல்ட் ஏறுகிறது

பூச்சு கடத்துகிறது. ஆனால் மின்னூட்டம் போய்ச் சேர வழி இல்லை. தொடாத மின்னழுத்த அளவியை, அதாவது ட்ரெக் 341பி போன்றதை, பீமை நிறுத்திய பிறகு சாம்பிளின் மேல் 2 முதல் 3 மி.மீ. உயரத்தில் குறுக்கே ஓட்டி வரைபடம் எடுங்கள். அதன் வடிவமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

விளிம்பில் பூச்சியம், நடுவில் மேடு. கிரவுண்ட் இருக்கிறது, தூரம்தான் அதிகம். முன்னே சொன்ன இருமடிக் கணக்கைப் போட்டு, கிரவுண்ட் புள்ளியைக் கூட்டுங்கள்.

விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே மட்டம். கிரவுண்ட் அறுந்திருக்கிறது. உறுதிப்படுத்த, கிரவுண்ட் கம்பியில் எலக்ட்ரோமீட்டரைத் தொடராகப் போட்டு பீமைத் திறங்கள். சதுர செ.மீ.க்கு 1 நானோஆம்பியர் பீமில் 100 சதுர செ.மீ. சாம்பிள் என்றால், இரண்டாம் நிலை எலக்ட்ரான்களும் சிதறித் திரும்புபவையும் போக மீதி, 100 நானோஆம்பியருக்குச் சற்றே குறைவாக, நிலையாக ஓட வேண்டும். முதலில் ஓடி, பிறகு தேய்ந்து பூச்சியத்துக்குப் போனால் பூச்சு மிதக்கிறது.

ஒரு ஓடு, ஒரு துண்டு மட்டும் உயர்ந்து நிற்கிறது. அந்தத் துண்டின் இணைப்பு மட்டும் போயிருக்கிறது.

கிரவுண்ட் அறுந்ததற்கான காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

போல்ட் தளர்ந்திருக்கிறதா, அடியில் பெயின்ட்டோ அனோடைஸ் படலமோ இருக்கிறதா? அனோடைஸ் படலம் நல்ல காப்பு. அதன் மேல் எவ்வளவு நன்றாகக் கடத்தும் பெயின்ட்டை அடித்தாலும் அது மிதக்கத்தான் செய்யும். பெயின்ட் அடிக்காத ஒரு மூலையில் மல்டிமீட்டர் முனைகளை லேசாக வைத்துப் பாருங்கள். கெம் ஃபிலிம் (மின்கடத்தும் வேதிப் படலம்) செய்த அலுமினியம் ஒரு ஓமுக்குக் கீழே காட்டும், அனோடைஸ் செய்தது திறந்த சுற்று காட்டும். காப்பு எபாக்சி பிரைமரும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து பசை. 3எம் 966 அக்ரிலிக் பசை கடத்தாது. 3எம் 9703 கடத்தும், ஆனால் தடிமன் வழியாக மட்டும். பக்கவாட்டில் கடத்தும் என்று எதிர்பார்த்து வரைந்த கிரவுண்ட் பாதை வேலை செய்யாது. ஓ.எஸ்.ஆர்.-இல் இன்னொரு பொறி உண்டு. அடியில் கடத்தும் சிலிகோன் பசை போட்டாலும் ஐ.டி.ஓ. இருப்பது கண்ணாடியின் மேல் முகத்தில். நடுவில் இருக்கும் கண்ணாடி காப்பு. விளிம்பைச் சுற்றிய உலோகப் பட்டையோ ஓட்டுக்கு ஓடு இணைப்போ இல்லாமல் மேல்முகத்தின் மின்னூட்டம் கீழே இறங்காது.

எம்.எல்.ஐ. எனப்படும் பல அடுக்கு வெப்பக் காப்புப் போர்வை என்றால் அதன் கிரவுண்ட் பட்டையைப் பிரித்துப் பாருங்கள். அலுமினியத் தாள் விசிறி மடிப்பாக ஒவ்வொரு அடுக்கின் ஊடாகவும் போய்வர வேண்டும். வெளி அடுக்கின் ஐ.டி.ஓ. முகத்தைத் தொடாமல், உள்முக அலுமினியத்தை மட்டும் தொட்டுக்கொண்டு திரும்பியிருப்பது அடிக்கடி நேரும் தவறு. ரிவெட்டை இறுக்கும்போது வாஷரின் ஓரத்தில் ஐ.டி.ஓ. வளையமாக உடைந்திருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய வட்டக் கோடு தெரியும். ஒரு போர்வைக்குக் குறைந்தது இரண்டு கிரவுண்ட் பட்டை வைப்பது இதற்காகத்தான்.

சிறிய பழுதுக்கு வெள்ளி கலந்த எபாக்சி ஒரு பொட்டு போதும். ஏ.எஸ்.டி.எம். இ595 வாயு வெளியேற்றச் சோதனையில் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்கும், படியும் பொருள் 0.1 சதவீதத்துக்கும் உட்பட்ட எபாக்சியாக இருக்க வேண்டும். ஒட்டிய ஓ.எஸ்.ஆர். ஓட்டைக் கழற்றி மாற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை. பிளேடால் நெம்பிப் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 5: எதுவுமே ஏறவில்லை, எல்லாம் தேறுகிறது

சந்தோஷப்படுமுன் டெஃப்லான் சாட்சியைப் பாருங்கள். அதுவும் ஏறவில்லை என்றால் சோதனையே நடக்கவில்லை.

பீம் ஓட்டத்தை அளக்கும் ஃபாரடே கோப்பையைச் சாம்பிள் இடத்துக்கு நகர்த்தி, பீம் அங்கே விழுகிறதா, ஷட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பீம் ஆற்றல் 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருந்தால், உள்ளே போவதைவிட அதிக எலக்ட்ரான்கள் வெளியே வரும். பல காப்புப் பொருள்கள் எதிர்மறையாக ஏறவே ஏறா. அயனி கேஜை அணையுங்கள். அழுத்தம் 10⁻⁶ மில்லிபார் அளவுக்கு இறங்கியிருக்கிறதா பாருங்கள். 10⁻⁴-இல் மிச்ச வாயு அயனியாகி, ஏறும் மின்னூட்டத்தை அழித்துக்கொண்டே இருக்கும். கடைசியாக அளவியைச் சோதிக்க, அலுமினியத் தகட்டைக் கிரவுண்டிலிருந்து பிரித்து -500, -1000, -5000 வோல்ட் கொடுத்து, அதே எண்ணை அளவி காட்டுகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 6: மின்னிறக்கத் துடிப்புகள் பதிவாகின்றன, பூச்சில் தடயம் இல்லை

முதல் வேலை வெற்றுச் சோதனை. சாம்பிளை எடுத்துவிட்டு அதே ஃபிக்ஸ்சரில் வெறும் உலோகத் தகட்டைப் பொருத்தி, அதே பீமில் அதே நேரம் ஓட்டுங்கள். துடிப்பு வந்தால் அது ஃபிக்ஸ்சரின் துடிப்பு. தெர்மோகப்பிளை ஒட்டிய காப்டன் டேப், டெஃப்லான் உறை போட்ட ஒயர், ஜி10 கண்ணாடி இழை-எபாக்சித் தாங்கி, விளிம்பில் பிதுங்கிய பசை, இவை எல்லாம் பீம் படும் இடத்தில் இருந்தால் ஏறி வெடிக்கும். கிரவுண்ட் செய்த அலுமினியத் தாளால் மூடுங்கள். மூடிய தாளும் கிரவுண்டில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்தே பாருங்கள்.

வெற்றுச் சோதனை சுத்தமாக இருந்தால், துடிப்பு உண்மையானதா, மின்னிரைச்சலா என்று பிரிக்க வேண்டும். பீம் ஓட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். துடிப்புகளின் இடைவெளி ஏறக்குறைய பாதியானால் மின்னூட்டம் ஏறி இறங்குகிறது, அதாவது உண்மை. இடைவெளி மாறாமல், பம்ப், ஹீட்டர், வால்வு இவற்றின் நேரத்தோடு ஒத்துப்போனால் இரைச்சல். பீமை மூடிவிட்டும் ஒரு மணி நேரம் பதிவு செய்து பாருங்கள். டெக்ட்ரானிக்ஸ் சிடி-1 போன்ற கரன்ட் ப்ரோபை ஆசிலோஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டில் போடுங்கள். ஒரு மெகா ஓமில் விட்டால் உயரமும் தப்பு, வடிவமும் தப்பு.

உண்மைத் துடிப்பு என்றால் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இருட்டில் நீண்ட எக்ஸ்போஷர் வைத்த கேமரா, ஜன்னல் வழியாகப் பொறியின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் உலோகமும் காப்பும் வெற்றிடமும் சந்திக்கும் விளிம்பாகவே இருக்கும். அந்த விளிம்பைக் கடத்தும் பசையால் மூடி மறுபடி ஓட்டுங்கள். பூச்சின் நடுப்பரப்பிலேயே பொறி தெரிந்தால் பழுதுபார்க்க ஒன்றும் இல்லை, பூச்சை மாற்ற வேண்டும்.

## அறிகுறி 7: வெப்பச் சுழற்சிக்கோ சேமிப்புக்கோ பிறகு தடை கூடிவிட்டது

சேமிப்புக்குப் பிறகு என்றால் ஈரமும் கைரேகையும்தான் முதல் சந்தேகம். ஜெர்மானியப் படலத்தை ஈரம் அரிக்கும். புள்ளி புள்ளியாக நிறம் மாறியிருந்தால் துடைத்துப் பயனில்லை. உலர் நைட்ரஜன் பையில் வைக்காத ரோலை விண்ணில் பறக்கும் பாகத்துக்கு எடுக்காதீர்கள்.

சுழற்சிக்குப் பிறகு என்றால், முதலில் கிரவுண்ட் புள்ளியிலிருந்து உலோகம் வரை தனியாக அளங்கள். அது கெடாமல் பரப்பு மட்டும் கெட்டிருந்தால் விரிசல், அறிகுறி 2-இன் இருதிசை அளவீட்டுக்குப் போங்கள். பரப்பு நன்றாக இருந்து இணைப்பு மட்டும் கெட்டிருந்தால் கடத்தும் பசை விட்டிருக்கிறது. அந்த இணைப்பை மட்டும் புதுப்பித்து, அடுத்த சுழற்சித் தொகுதிக்குப் பிறகு திரும்ப அளங்கள்.

## நீங்களே தொடக்கூடாதவை

எலக்ட்ரான் துப்பாக்கியின் உயர் மின்னழுத்த சப்ளை ஏறாவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள். பாதுகாப்பு இண்டர்லாக்கைக் குறுக்கிணைத்து ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் ஆளைக் கொல்லும் அளவு நிற்கும். தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பீம் உலோகத்தில் மோதினால் எக்ஸ்-ரே வரும். எஃகுச் சுவர் தடுத்துவிடும், சாதாரணக் கண்ணாடி ஜன்னலை நம்பக்கூடாது. ஜன்னலுக்கு ஈயக் கண்ணாடி போடுங்கள். பீம் ஆற்றலை உயர்த்தினாலோ, ஜன்னலையோ ஃப்ளாஞ்சையோ மாற்றினாலோ, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் சர்வே மீட்டரோடு வந்து அளந்து கையெழுத்துப் போடும்வரை பீமைத் திறக்காதீர்கள்.